மறுபடியும் சிக்கிய காகிதம்

"இன்னிக்கு எனக்குக் காரணம் தெரிஞ்சாகணும்."

நெளிநெளியான கிரிஸ் கத்தியில் எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னார் தர்மோ. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். உதட்டில் கிராம்பு சிகரெட் புகைந்தது.

ஜார்வோ கருவிப் பையைத் திறந்தான். அவன் பிரிண்டர் மெக்கானிக். இந்த வீட்டு பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு அவன் தெருமுனை தாண்டுவதற்குள், அது மறுபடியும் காகிதத்தைக் கடித்துக்கொள்ளும். ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் வேறு எந்த வீடாக இருந்தாலும் என்றோ கும்பிடு போட்டிருப்பான். ஆனால் இது விதுரியின் வீடு. தர்மோவின் மகளிடம் அவன் இதுவரை தைரியமாகக் கேட்டது ஒரு தம்ளர் தண்ணீர்தான்.

"இன்னிக்கும் சரியாகலைன்னா, இனிமே நீ இந்த வாசப்படி ஏறக் கூடாது. புரியுதா?"

"ச... சரிங்கய்யா."

பின்பக்க மூடியைக் கழற்றினான். வழக்கமாகக் கிழிந்த காகிதம்தான் கிடைக்கும். இன்றோ, ரோலருக்கு அடியில் மடித்துச் செருகிய அட்டைத் துண்டு ஒன்று இருந்தது. உருவி எடுத்தான். கிராம்பு வாசம் லேசாக அடித்தது.

தானாக விழுந்ததல்ல, யாரோ வேண்டுமென்றே வைத்தது. நிமிர்ந்தான். கதவோரம் விதுரி முகம் வெளுத்து நின்றாள்.

ஐயோ, இவளா? என்னை வரவழைக்கவா? சந்தோஷம் எட்டிப் பார்ப்பதற்குள் பயம் முந்திக்கொண்டது. அப்பாவுக்குத் தெரிந்தால் இவள் கதி என்ன? அட்டையைக் கைக்குள் மூடினான்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்லைங்கய்யா... எலி..."

"எலியா? கையைத் திற."

கத்தியோடு எழுந்து வந்தார். ஜார்வோவின் விரல்கள் தாமாகவே விரிந்தன.

"நான்தாங்கய்யா வெச்சேன்! அடிக்கடி வேலை கிடைக்கட்டும்னு... என்னைப் போலீஸ்ல குடுத்துடுங்க. வேற யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க."

"இல்லப்பா!" விதுரி ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "அவரு பொய் சொல்றாரு. வெச்சது நான்! அவரை விட்டுடுங்கப்பா!" அழுதேவிட்டாள்.

தர்மோ இருவரையும் மாறி மாறி முறைத்தார்.

"ரெண்டும் பொய். வெச்சது நான். இனிமேலாவது வாயைத் திறந்து பொண்ணு கேப்பியாடா?"