மகரந்தப்பை வெடிக்கிற நேரம்

மேசைமேல் ஒற்றைக் காட்டுத் துலிப் நிற்கிறது. சரிவிலிருந்த மற்ற பூக்களையெல்லாம் ஆடுகள் மேய்ந்துவிட்டன. இதன் மகரந்தப்பை பிளப்பதைப் படமெடுக்க மெய்ரிம் அக்கா மூச்சடக்கிக் குனிந்திருக்கிறாள். மூடிப்போன சினிமா கொட்டகையின் புரொஜெக்டர் லென்சைத் தலைகீழாகத் திருப்பி, தண்ணீர்க் குழாய்த் துண்டில் செருகி, கறுப்பு டேப் சுற்றிக் கேமராவில் மாட்டியிருக்கிறாள். பலகைத் தரையில் யார் அடி வைத்தாலும் படம் கலங்கிவிடும். அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கிறது. பக்கத்து வீட்டு பாதாகுல் சித்தி. "சித்தி, அசையாதீங்க!" "நல்லா இருக்குடி! ரொட்டிய வாயில வைக்காம எப்படித் திரும்பிப் போறது?" வாசல் மிதித்தவர் ஒரு வாய் ரொட்டி தின்னாமல் திரும்பக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஒரு காலை உள்ளே வைத்தபடி அப்படியே நிற்கிறாள். ரொட்டி நான் உட்கார்ந்திருக்கும் கட்டிலருகே இருக்கிறது. ரொட்டியை எறிவது பாவம். நான் கட்டிலில் குப்புறப் படுத்து, நீளக் கரண்டியில் ஒரு துண்டை வைத்து நீட்டுகிறேன். சித்தி கழுத்தை எட்டி நீட்டிக் கவ்வுகிறாள். "மெல்லாதீங்க!" என்கிறாள் அக்கா. கன்னம் உப்ப, கண் பிதுங்க நிற்கிறாள் சித்தி. கேமராவின் திரையில் ஒரு கோடு விழுகிறது, கோடு வாயாகிறது, ஈர வெளிச்சத்தில் மஞ்சள் மணிகள் முண்டியடித்துப் பொங்குகின்றன. கிளிக், கிளிக், கிளிக். "படம் விழுந்துடுச்சு!" அக்கா துள்ளுகிறாள். சித்தி ரொட்டியை விழுங்கிவிட்டு ஓடிவந்து பூவின்மேல் கவிகிறாள். "எங்கடி, எங்க?" அவள் விட்ட பெருமூச்சில் மணியெல்லாம் பறந்து அவள் மூக்கு மஞ்சளாகிறது.