நாற்பத்திரண்டு வேலைகள்

ப்ராஜெக்ட் மேனேஜர் சாய்ராமுக்கு எந்த வேலையையும் சின்னச் சின்னதாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைப் போட்டால்தான் நிம்மதி. டெல்லி வீட்டிலும் லேப்டாப்பைத் திறந்து மனைவியை எதிரில் உட்கார வைத்திருந்தான்.

“பேர் போடலேன்னா எதுவும் நடக்காது, ப்ரீதா. வாத்தியார்?”

“ஆர்.கே.புரத்துல சொல்லி வெச்சாச்சு. வேனுக்கு நம்ம பையன் அபினவ், பூவுக்கு நான்.”

“சமையல்?”

“கரோல் பாக் மாமி. உங்க அண்ணாவுக்கு ஒண்ணுமே இல்லையே?”

“மூத்தவனாச்சே. அமெரிக்காலேர்ந்து வந்து கொள்ளி வெக்கட்டும்.”

நாற்பத்திரண்டு வேலைக்கும் பேர் விழுந்தது. தேதிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அடுத்த அறையிலிருந்து அப்பா மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார்.

“சாய்ராம், கொஞ்சம் ஜலம் தாயேன்.”

ப்ரீதா அவனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான். நாற்பத்திரண்டில் அந்த வேலை இல்லை.