மேட்னியில் ஒரு சூறாவளி

சூறாவளியைத் துரத்திப் போகிறவர்களைப் பற்றிய படம், இரண்டாம் பாகம். சிவகாசித் தியேட்டரில் மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வீடுகள் பறந்ததும் ஜாஸ்பின் கணவனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"படத்துக்கே இம்புட்டுப் பயமா?" என்று சிரித்தான் ஜெயசுந்தர்.

"மொதப் பாகத்தையும் பாதிதாங்க பாத்தேன்."

அப்போது அவளுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் எழுந்துவிட்டாள்.

"பட்டாசு ஆலையில வெடிச்சிருச்சாம். ஏழு பேரைக் கொண்டு வாராக. என்னைய ஒடனே வரச் சொல்லுதாக."

லீவு போட்டிருந்தாலும், அரசு ஆஸ்பத்திரித் தீக்காய வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவள்தான்.

வெளியே வந்தால் தூரத்தில் கரும்புகை. அதைப் பார்த்த ஜெயசுந்தரால் பைக்கில் சாவியைப் போட முடியவில்லை, இரண்டு முறை கீழே தவறவிட்டான்.

"சாவியைக் குடுங்க," என்றாள் ஜாஸ்பின். "பின்னால உக்காந்து என்னைய நல்லாப் பிடிச்சுக்கிடுங்க."