ஆமை கிளம்பிய காலை

குளம் வற்றி, நடுவில் ஒரு கை தண்ணீர்தான் மிச்சமிருந்தது. வெயில் ஏறுவதற்குள் வயலைத் தாண்டி ஏரிக்குப் போகாவிட்டால் ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடுவோம் என்று ஆமைக்குத் தெரியும். அதனால் விடிந்ததுமே புறப்பட்டது.

“எங்கே அண்ணே, காலங்காத்தால?” என்றது தவளை.

ஆமைக்குச் சுருக்கென்றது. கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? திரும்பிப் போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டது.

கரையேறும்போது நண்டு எதிர்ப்பட்டது. விவரம் தெரிந்த நண்டு. எங்கே என்று கேட்கவில்லை.

“தூரமா?” என்றது.

ஆமை நின்று யோசித்தது. தூரமா என்பதும் ஒருவிதத்தில் எங்கே என்பதுதான். எதற்கு வம்பு என்று திரும்பியது. அது நடுக்குளத்துக்கு வந்து சேர்வதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

“இனியும் நிக்காதீங்க அண்ணே, நானும் வரேன். ஒரே மூச்சா நடந்துடலாம்” என்றது தவளை.

“நண்டு கேட்டதுக்கு இன்னும் தண்ணி குடிக்கலையேப்பா. குடிக்காம எப்படிக் கிளம்பறது?”

தவளை தலையில் அடித்துக்கொண்டு தாவிப் போய்விட்டது. மழை பெய்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு உடனே கிளம்பிவிடுவதென்று முடிவு செய்து, ஆமை சேற்றில் உட்கார்ந்தது.