புளியமரப் பொந்துக்காரர்

பாறை இடுக்கில் ஆமை ஒரு கிடங்கு வைத்திருந்தது. மழைக்காலத்துக்கான தீனியைக் காட்டிலுள்ளவர்கள் அங்கே கொடுத்துவைப்பார்கள். முதலில் ஆமை, தீனியை எந்தப் பெயரில் வைப்பது என்று கேட்டது; திரும்ப வாங்க அதே பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்கக் கூடாது. அதனால் பின்னால் வந்தவர்கள் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டு, மழை வந்ததும் அதை மறந்து பட்டினி கிடந்தார்கள்.

"இனிப் பெயர் வேண்டாம். குடியிருக்கும் இடத்தைச் சொன்னால் போதும். திரும்பக் கேட்கும்போது அங்கே தவளையை அனுப்பி விசாரித்துக்கொள்கிறேன்," என்றது ஆமை.

அணில் தன் புளியமரப் பொந்தைச் சொல்லி வேர்க்கடலையைக் கொடுத்தது. கோடையில் அது மாமரத்துக்குக் குடிபோனது. பழைய பொந்துக்கு ஒரு மைனா வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பசியோடு வந்த அணிலை நிற்கவைத்துவிட்டு, ஆமை தவளையை அனுப்பியது. தவளை மைனாவைக் கூட்டிவந்தது.

"புளியமரப் பொந்தில் இருப்பது நீதானே? இந்தா, உன் வேர்க்கடலை," என்றது ஆமை.

"நான் எதுவும் கொடுத்துவைக்கவில்லையே," என்றது மைனா.

"அது என்னுடையது. உங்களுக்கு என்னைத் தெரியுமே, ஆமையண்ணே," என்றது அணில்.

"தெரியும் தம்பி. ஆனால் பொந்தில் இருப்பவருக்குத்தான் கொடுக்க முடியும்."

நனைந்து நடுங்கிய அணிலை மைனா பார்த்தது. "தவளையை இன்னொரு தடவை அனுப்புங்கள்," என்று சொல்லிவிட்டு, அணிலைத் தன் பொந்துக்கு அழைத்துப்போனது.

சற்று நேரத்தில் தவளை மரத்தடிக்கு வந்தது. "பொந்தில் யாரு?"

"நான்தான்," என்று அணில் தலையை நீட்டியது.

தவளை வேர்க்கடலை எடுத்துவரத் திரும்பியது.

"மாமரத்துக்குப் போய்விட்டதையும் இப்போதே சொல்லி அனுப்பு," என்றது மைனா அணிலிடம். "அங்கிருந்து சொன்னால் ஆமையண்ணன் நம்பமாட்டார்."