பட்டியலின் முதல் வரி

'லாபம் - சோபனா' என்று எழுதியிருந்தது. அருண்குமார் கைப்பேசித் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எத்தனை தரம் பார்த்தாலும் அது லாபம்தான்.

சோபனா அவருடைய மனைவி. இறந்து ஒன்பது வருடமாகிறது. அவள் போன நாற்பதாம் நாள் கிட்டாரைக் கையில் எடுத்து, அழுதுகொண்டே பதிவு செய்த ஆல்பத்துக்கு அவள் பெயரையே வைத்திருந்தார். அவர் போட்டதிலேயே நன்றாக விற்றது அது ஒன்றுதான்.

அருண்குமார் பெங்களூரில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு தர்மபுரிக்கு வந்தவர். வந்த இடத்தில் தமிழில் ப்ளூஸ் ராக் வாசிக்க ஆரம்பித்தார். மழை வருகிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஓர் ஆல்பம் வந்துவிடும். இதுவரை பதினேழு.

அந்தப் பதினேழையும் வரிசைப்படுத்தித் தரும்படி ஓர் இசை இணையதளத்துப் பிள்ளைகள் பேஸ் கிட்டார் கருப்பண்ணனைக் கேட்டிருந்தார்கள். பதினேழிலும் கூட வாசித்தவர் அவர் ஒருவர்தான். பாப்பாரப்பட்டியில் புளி மண்டி வைத்திருக்கும் கருப்பண்ணனுக்குக் கைப்பேசியில் தட்டச்சு செய்ய வராது. ரசீதுத் தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதிப் படமெடுத்து அனுப்ப, அவர்களும் அதை அப்படியே போட்டுவிட்டார்கள்.

முதல் வரியில் 'லாபம் - சோபனா'. அடுத்து '2 - தொப்பூர் இறக்கம்'. அதன் கீழே '3 - காய்ந்த ஏரி'. கடைசியில் '17 - கியர் மாறாத லாரி'. கடைசி இடம் சரிதான், அந்த ஆல்பத்தை அருண்குமாரே காது கொடுத்துக் கேட்கமாட்டார்.

ஆனால் ஒன்று என்ற எண்ணே தாளில் இல்லை. முதலிடத்துக்கு எதுவும் லாயக்கில்லையாம். பொண்டாட்டி செத்ததில் லாபம் பார்த்தானாம்.

'பேஸ் அண்ணன் உண்மைய உடைச்சிட்டாரு' என்று எவனோ கீழே எழுதியிருந்தான். நானூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

சோபனா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் வராந்தாவிலேயே படுத்திருந்தவர் கருப்பண்ணன். அவளுக்குக் கடைசியாக இளநீர் வாங்கி வந்ததும் அவர்தான். கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே என்று அருண்குமாருக்கு வயிறு எரிந்தது. போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் மலர்விழி பதினெட்டாவது ஆல்பத்துக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பண்ணன் வாசிச்சத எல்லாம் அழிச்சிரும்மா."

அவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "பத்துப் பாட்டுங்க சார். வேற காப்பி இல்லைங்க."

"சொன்னதச் செய்."

"அண்ணனுக்கு எடது கையில மூட்டை வுழுந்ததுல இருந்து விரல் மடங்கறதில்லைங்க சார். திருப்பி வாசிக்க வராது. இதுதான் அவரு கடைசியா வாசிச்சது."

"தெரியும். அழி."

அழித்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்காதவர் மாதிரி அருண்குமார் எழுந்து வெளியே வந்தார்.

நேரே காரை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி போனார். ஒத்திகைக்கு எப்போதும் கருப்பண்ணன்தான் பைக்கில் வருவார். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அருண்குமார் அந்த மண்டிப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை. வாசலில் ஒரு லாரி நின்றது. மூட்டை இறக்குகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி, வாங்க." கருப்பண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். "இப்பத்தான் நம்ம மண்டிக்கு வழி தெரிஞ்சுதுங்களா? லிஸ்ட்டப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நாலு நாளு கொழம்பிட்டேனுங்க. தொப்பூரா, ஏரியான்னு மாத்தி மாத்தி எழுதுனேன். சோபனா தங்கச்சிக்கு மட்டும் யோசிக்கவே இல்லைங்க. பேனாவ எடுத்ததும் எழுதிட்டேன்."

"யோசிக்கவே இல்ல?"

"அதுல யோசிக்க என்னங்க இருக்குது? ஊருக்கே தெரிஞ்சதுதான."

இத்தனை வருடத்தில் அருண்குமார் அவரை அண்ணே என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

"யோவ் கருப்பண்ணா. புது ஆல்பத்துல நீ வாசிச்சது எல்லாத்தையும் அழிச்சாச்சு. இனிமே நீ யாரோ, நான் யாரோ."

சிரிப்பு பாதியில் நின்றது. கருப்பண்ணன் மடங்காத விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சிட்டீங்களா?" என்றார். "நான் என்னங்க தம்பி தப்புப் பண்ணுனேன்?"

"செத்தவளக் கேளு."

அருண்குமார் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். "எவ்ளோ நேரம் வெயில்ல நிக்கறது, எண்ணுங்கண்ணே" என்று லாரி மேலிருந்து ஓர் ஆள் குரல் கொடுத்தான். முதல் மூட்டை தொப்பென்று தரையில் விழுந்தது.

கருப்பண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மண்டியில் தினமும் எண்ணுகிற மாதிரியே எண்ண ஆரம்பித்தார். கார்க் கதவைத் திறந்த அருண்குமாரின் காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே விழுந்தது.

"லாபம்... ரெண்டு... மூணு..."