நாற்பதாம் நம்பர்

"ராத்தா, கடைசியாக் கேக்கிறன். இந்த நாற்பதாம் நம்பர் ஆருக்கு?"

அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் றுக்கியாவிடம் கேட்டுக் கேட்டு நிரோஜினிக்குப் பொறுமை போய்விட்டது.

மூதூருக்கு அங்கால் இருந்த அந்த ஊரில், பெண்களுக்கான கிளினிக் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். வெளிநாட்டிலிருந்து ஒரு தர்ம நிதியம் செலவைப் பார்த்துக்கொண்டது. திருகோணமலையிலிருந்து டொக்டர் அம்மாவைக் கூட்டி வருவது முதல், நம்பர் எழுதிக் கொடுப்பது வரை, மற்றதெல்லாம் நிரோஜினியின் தலையில்.

காலையில் முதல் ஆளாக வந்த றுக்கியா இரண்டு நம்பர் கேட்டாள். ஒன்று தனக்கு. மற்றது ஒராளுக்காம்.

"கடைசி நம்பராத் தாங்க மிஸ். அவவுக்கு அப்பதான் நேரம் வரும்."

தன் பரிசோதனை முடிந்தும் றுக்கியா வீட்டுக்குப் போகவில்லை. கிளினிக் நடந்த மண்டபத்தின் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இப்போது மணி நான்கு.

"நம்பர் இல்லாம வந்த ஆக்களையும் டொக்டர் பாத்து முடிச்சிட்டா. வான் வெளிக்கிடப் போகுது. உங்கட ஆள் எங்க?"

"இங்கதான், மிஸ்."

"அப்ப ஏன் வரேல்ல? புருஷன் விடுறார் இல்லையோ?"

"புருஷன் ஒண்டும் சொல்றல்ல. அவதான் தன்னைக் கவனிக்கிறல்ல."

"இதுதான் எனக்கு விசர் வாற இடம்!" நிரோஜினி மருந்துப் பெட்டியின் மூடியை அடித்து மூடினாள். "வாசலுக்கே டொக்டரைக் கொண்டு வந்தாலும் வரமாட்டினம். வருத்தத்தை ஒளிச்சு ஒளிச்சு வச்சு, முத்தினாப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவினம். அவவுக்கு என்ன செய்யுது?"

"வாயத் திறந்து சொல்றல்லயே. போன கிளினிக்கிலயும் பாத்தன். இண்டைக்கு இன்னும் கூட."

"மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தனீங்களோ? கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறதுதானே!"

உள்ளேயிருந்து டொக்டரின் குரல் கேட்டது. "நாற்பதாம் ஆள் வந்தாச்சா, நிரோஜினி?"

இல்லை என்று சொல்ல நிரோஜினி வாயெடுத்தாள். அதற்குள் றுக்கியா எழுந்து அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள். நம்பர் துண்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"காலையில இருந்து மூண்டு தரம் சுவரைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு நிண்டீங்க. முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு."

நிரோஜினி விரல்களைப் பிரித்துத் துண்டைப் பார்த்தாள். அவளுக்கு மாதத்தில் பாதி நாள் உதிரம் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த கிளினிக் முடியட்டும், அடுத்த கிளினிக் முடியட்டும் என்று ஒரு வருஷம் போய்விட்டது. வீட்டிலும் சொல்லவில்லை.

"எனக்கு... இது ஊராக்களுக்கு வந்த காசு, ராத்தா."

"உள்ள நடங்க, தங்கச்சி. ஊருக்கெல்லாம் நம்பர் எழுதுற உங்களுக்கு ஆர் நம்பர் எழுதித் தாற?"